வலையை விடு

மேட்டூர் அணையில் முப்பத்தெட்டு வருடம் பரிசல் ஓட்டி மீன் பிடித்தேன். அந்தக் காலத்துக்குள் பதினொரு பேரை உயிரோடு தண்ணீரிலிருந்து தூக்கியிருக்கிறேன். நான்கு பேரைப் பிணமாக. பதினைந்து முகமும் இன்றைக்கும் நினைவில் இருக்கிறது. அதில் பாதிப்பேருக்கு மேல் நீச்சல் நன்றாகத் தெரிந்தவர்கள். கரையிலேயே பிறந்து தண்ணீரிலேயே வளர்ந்தவர்கள்.

"வலை விடு" என்றால் எங்கள் பக்கம் தொழிலுக்குப் போ என்று பொருள். சாயங்காலம் எதிரே வருகிறவன் "வலை விட்டாச்சா?" என்று கேட்பான். போட்டுவிட்டு வந்தாயா என்று அர்த்தம். பரிசல் முழுகிக் கிடக்கிறவனிடமும் நாங்கள் அதே சொல்லைத்தான் கத்துகிறோம்: "வலையை விடு!" அந்தச் சொல் காதில் விழுந்து, மனசில் இறங்கி, விரல் பிரிவதற்குள் ஆள் நாலு மடக்குத் தண்ணீர் குடித்துவிடுகிறான். ஆளைத் தூக்குவது பாதி வேலை. அவன் கையிலிருந்து வலையைப் பிரிப்பது மீதிப் பாதி. இந்த மீதிப் பாதியைப் பற்றி யாரும் எழுதி நான் படிக்கவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

சேலத்துக்காரர்களிலேயே பலர் அணையைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்த்திருப்பார்கள். பூங்கா, பதினாறு கண் பாலம், மீன் வறுவல் கடைகள். எங்கள் பிழைப்பு சுவருக்கு அந்தப் பக்கம். 1925இல் வேலை தொடங்கி 1934 ஆகஸ்ட் 21 அன்று திறந்த அணை. அன்றைய கவர்னர் ஸ்டான்லியின் பெயரால் ஸ்டான்லி நீர்த்தேக்கம் என்று எழுதுவார்கள். சுவர் 5,300 அடி நீளம். 120 அடிக்கு நிரம்பினால் 93.47 டி.எம்.சி. தண்ணீர்; பரப்பு 59.25 சதுர மைல். நடுத் தண்ணீரில் நின்று பார்த்தால் கொளத்தூர்ப் பக்கத்துக் கரை ஒரு பச்சைக் கோடு, அவ்வளவுதான். "அணைத் தண்ணிதானே, இதில் அலை ஏது?" என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். காற்று ஓடுவதற்கு இடம் இருந்தால் அலை தானாக வளரும். மேற்கே பாலமலை, கிழக்கே சீதாமலை. அந்த இரண்டுக்கும் நடுவிலிருக்கும் இடுக்கில்தான் சுவரை எழுப்பியிருக்கிறார்கள். மலையில் முட்டித் திரும்பும் காற்று தண்ணீர்மேல் இறங்கினால் எந்தப் பக்கம் அடிக்கும் என்று சொல்லவே முடியாது. கடல் அலை நீளமாக வரும் என்பார்கள். எங்கள் அலை குட்டை. ஒன்றின் முதுகிலேயே அடுத்தது ஏறி வரும். வட்டப் பரிசலுக்கு அதுதான் எமன்.

பரிசலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மூங்கிலைப் பிளந்து பிளாச்சாக்கிக் கூடை பின்னுவதுபோல் பின்னுவோம். என் அப்பா காலத்தில் அடியில் மாட்டுத்தோல் போர்த்தினார்கள். எங்கள் காலத்தில் பிளாஸ்டிக் சாக்கு விரித்து, மேலே தார் காய்ச்சிப் பூசினோம். இப்போது ஃபைபர் பரிசல் வந்துவிட்டது. பரிசலுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. எந்தப் பக்கமும் போகும், எந்தப் பக்கமும் கவிழும். நடுவில் உட்கார்ந்திருக்கும்வரை தாயின் மடி மாதிரி இருக்கும். ஒரு பக்கமாகப் பாரம் சேர்ந்தால் விளிம்பு தண்ணீரைத் தொட்டுவிடும். மூங்கில் பரிசலில் ஒரு நல்ல குணம் உண்டு. தண்ணீர் நிரம்பினாலும் அடிக்குப் போகாது. விளிம்பு மட்டும் தெரிய மிதந்துகொண்டே இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு கிடந்தவன் பிழைத்தான். "கரை பக்கத்தில்தானே இருக்கு" என்று அதை விட்டுவிட்டு நீந்தியவன் போய்விட்டான். தண்ணீர்மேல் பார்த்தால் கரை எப்போதும் கிட்டத்தில் இருப்பதுபோலத்தான் தெரியும். நான் தூக்கிய நான்கு பிணத்தில் இரண்டு அப்படிக் கரையை நோக்கிப் போனவை.

எங்கள் தொழில் பெரும்பாலும் புருசன் பொண்டாட்டி தொழில். மனைவி துடுப்புப் போடுவாள், கணவன் வலை விடுவான். சாயங்காலம் நாலு நாலரைக்குப் போய் வலை விட்டு, விடியற்காலை போய் எடுக்க வேண்டும். உடுவலை, ரங்கூன் வலை என்று கண்ணி அளவுக்கும் தொங்கும் விதத்துக்கும் ஏற்ப வலைகள் உண்டு. பத்து இருபது வலைகளை ஒன்றோடொன்று கோத்து ஒரு நீளமாக விடுவோம். கட்லா, ரோகு, மிருகால், வாளை, கெளுத்தி, ஜிலேபி என்று விழும். கட்லா நம் காவிரி மீனே இல்லை. கோதாவரிப் பக்கத்திலிருந்து கொண்டுவந்து விட்டது. இன்று மேட்டூர் மீன் என்றாலே எல்லோருக்கும் அதுதான் ஞாபகம் வருகிறது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சித்திரை, வைகாசியில் கோடை மழை எந்நேரம் வரும்? பகலெல்லாம் காய்ந்து, நாலு மணிக்கு மேல் மேகம் கறுத்து, ஐந்து ஐந்தரைக்குக் காற்றோடு இறங்கும். நாங்கள் வலையோடு நடுத் தண்ணீரில் இருக்கும் நேரமும் அதே நேரம்தான். ஆடிக்காற்று மாதக்கணக்கில் அடிக்கும். ஆனால் அது சொல்லிவிட்டு வருகிற விருந்தாளி. காலையிலேயே தெரிந்துவிடும், அன்றைக்குப் போகமாட்டோம். கோடைக்காற்று கால் மணி நேரம்தான் அவகாசம் கொடுக்கும். தண்ணீர் எண்ணெய் மாதிரி அசைவில்லாமல் நிற்கும். வானத்தில் வட்டமிட்ட பருந்து கரையோர மரத்துக்கு இறங்கிவிடும். எதிர்க்கரையில் செம்மண் புழுதி ஒரு திரை மாதிரி எழும்பும். புழுதி எழும்பிய பிறகு தண்ணீரில் இருப்பவன் தாமதித்துவிட்டவன்.

அப்படித் தாமதித்த ஒரு மாலையைத்தான் இங்கே முழுதாகச் சொல்ல வேண்டும். 2005 வெள்ளத்துக்கு அடுத்த கோடை அது. அதற்கு முந்தின வருடங்களில் மழை பொய்த்து அணை அடிமட்டத்துக்குப் போயிருந்தது. பண்ணவாடிப் பக்கம் தண்ணீருக்குள் இருக்கும் பழைய சிவன் கோயில் கோபுரமும் நந்தியும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரிந்தன. வெளியூரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்து பார்த்தார்கள். அணை கட்டியபோது முழுகிய நாயம்பாடி ஊரின் மிச்சம் அது. பார்க்க வந்தவர்களுக்கு அது அதிசயம். எங்களுக்கு அடுப்பு எரியாத வருடங்கள். எங்களில் பாதிப்பேர் திருப்பூருக்குப் பனியன் வேலைக்கும், கேரளாவுக்குக் கட்டட வேலைக்கும் போனார்கள். 2005இல் காவிரி பெருகி அணை நிறைந்து வழிந்தது. போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்தார்கள். பழைய வலைகள் எலி கடித்தும் வெயிலில் இற்றும் கிடந்தன. புது வலைக்கு எல்லோரும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கினோம். வாங்கிய கடனுக்கு மீனைத்தான் கொடுக்க வேண்டும், விலையை அவர்தான் சொல்வார். இதைச் சொல்லாமல் அந்த மாலையில் நடந்தது யாருக்கும் புரியாது.

நான் மாமா என்று கூப்பிடும் ஒருவர். ரத்த சொந்தம் இல்லை, ஊர் முறை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் துடுப்புப் பிடிக்கக் கற்றதே அவரைப் பார்த்துத்தான். பதினாறாயிரம் ரூபாய் கடனில் புது வலை வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அன்று நாங்களும் மாமாவும் அத்தையும் கூப்பிடு தூரத்தில் வலை விட்டுக்கொண்டிருந்தோம். பாலமலை இருட்டியதை முதலில் பார்த்தவள் என் மனைவி. "ஏங்க, விட்டது போதும், முடிச்சைப் போட்டு விடுங்க, திட்டுக்குப் போயிரலாம்" என்றாள். நான் கடைசி வலையின் கயிற்றில் ஒரு காலி கேனைக் கட்டி வீசிவிட்டுத் துடுப்பை எடுத்தேன். மாமாவைப் பார்த்துக் கை காட்டினேன். அவரும் கை காட்டினார். ஆனால் அவர் செய்தது வேறு. விட்ட வலையைத் திரும்ப இழுத்துப் பரிசலில் போட ஆரம்பித்தார். காற்றில் வலை சுருண்டுவிடும், அறுந்துவிடும் என்று பயம். ஈர வலையின் பாரம் தெரியாதவரா அவர்? நன்றாகத் தெரியும். பதினாறாயிரம் ரூபாயின் பாரம் அதைவிட அதிகமாக இருந்திருக்கிறது.

காற்று வந்தது. பாதி வலை பரிசலுக்குள், பாதி தண்ணீருக்குள். தண்ணீருக்குள் இருந்த பாதியின் தலைக்கயிற்றை அவர் பரிசல் விளிம்பில் இறுக்கு முடிச்சாகப் போட்டிருந்தார். காற்று பரிசலை ஒரு பக்கம் தள்ளுகிறது, வலை நங்கூரம் மாதிரி எதிர்ப்பக்கம் இழுக்கிறது. கயிறு கட்டிய பக்கத்து விளிம்பு தாழ்ந்துகொண்டே போகிறது. அத்தை துடுப்பைப் போட்டுவிட்டு மறுபக்கம் சாய்ந்து உட்கார்ந்து பாரம் கொடுத்தார். இரண்டு அலை தாங்கியது. மூன்றாவது அலை உள்ளே வந்தது. அதற்கப்புறம் அங்கே பரிசல் தெரியவில்லை, இரண்டு தலை மட்டும் தெரிந்தது.

நாங்கள் திட்டை நோக்கிப் பாதித் தூரம் போயிருந்தோம். திரும்பலாமா என்று நான் மனைவியைக் கேட்கவில்லை. அவள் ஏற்கெனவே துடுப்பைத் திருப்பியிருந்தாள்.

இந்த இடத்தில் இளைஞர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். தண்ணீரில் கிடக்கிறவனை நோக்கி நேராகப் போகக்கூடாது. பரிசல் இலேசான பொருள், காற்று அதை மனிதனைவிட வேகமாகத் தள்ளும். காற்றுக்குக் கீழ்ப்பக்கம் போய் நின்றால் நீ விலகிக்கொண்டே இருப்பாய், அவன் கை எட்டாது. காற்றுக்கு மேல்பக்கம் சுற்றிப் போய், காற்றே உன்னை அவனிடம் கொண்டு சேர்க்கும்படி விட வேண்டும். வலை எந்தப் பக்கம் மிதக்கிறது என்று பார்த்து அதற்கு மாற்றுப் பக்கமாக அணைய வேண்டும். இல்லாவிட்டால் துடுப்பு வலையில் சிக்கும், அடுத்தது நீயும் சிக்குவாய். அன்று மழை அறைந்ததில் தக்கை எது, நுரை எது என்று தெரியவில்லை. மனைவி துடுப்புப் போட்டாள். நான் பரிசலில் மண்டி போட்டு, கையை நீட்டி வலை தட்டுப்படுகிறதா என்று தடவிக்கொண்டே போனேன்.

முதலில் அத்தையிடம் போனோம். அவர் முழுகிய பரிசலின் விளிம்பைப் பிடித்திருந்தார். புடவை நனைந்து காலைச் சுற்றியிருந்தது. எங்கள் பெண்கள் தொழிலுக்குப் போகும்போது புடவையை ஏற்றிச் செருகி, மேலே புருசன் சட்டையைப் போட்டுக்கொள்வார்கள். அப்படியும் ஐந்தரை மீட்டர் துணி தண்ணீரில் என்ன செய்யும் என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கையைக் கொடுக்காமல், கயிறு கட்டிய இருபது லிட்டர் கேனை முதலில் தள்ளிவிட்டேன். முழுகுகிறவர் கையை நம் கையில் கொடுத்தால் அந்தப் பிடி விடவே விடாது. அது அவர் பிடி அல்ல, உயிரின் பிடி. கேனை நெஞ்சுக்கு அடியில் வைத்த பிறகு மூச்சு சமன்படும், நாம் சொல்வது காதில் விழும். பிறகு மனைவி எதிர் விளிம்பில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொள்ள, நான் அத்தையின் முதுகு பரிசல் பக்கம் வரும்படித் திருப்பி, அக்குளுக்குள் கை கொடுத்து, அலை தூக்கும் நேரம் பார்த்து ஒரே இழுப்பில் உள்ளே இழுத்தேன். அலையோடு சேர்ந்து இழுத்தால் பாதி பாரத்தை அது தூக்கிக் கொடுக்கும்.

அத்தை உள்ளே விழுந்ததும் சொன்ன முதல் சொல்: "அவரு கால்ல வலை."

மாமா பத்தடி தள்ளி இருந்தார். முகம் தண்ணீருக்கு மேலே வருவதும் போவதுமாக. இரண்டு கையிலும் தலைக்கயிறு. இடது கால் வலைக்குள். அவர் கயிற்றை இழுக்க இழுக்க வலை காலில் இறுகியது. "கயித்த விடு மாமா, வலைய விடு!" என்று கத்தினேன். அவர் கண் என்னைப் பார்த்தது, கை விடவில்லை. கிட்டே போய்க் கேனைக் கொடுத்தேன். அதை வாங்க ஒரு கையை விட வேண்டும். விட்டார். மறுகையில் கயிறு. நான் இடுப்பிலிருந்து கத்தியை எடுத்ததும்தான் அவருக்குக் குரல் வந்தது.

"அறுக்காத மாப்ளே. பதினாறாயிரம். அறுக்காத."

வாயில் தண்ணீர் போய்க்கொண்டிருக்கும்போது சொன்னார். அந்தக் குரலை எந்த ஒப்பாரியிலும் நான் கேட்டதில்லை. என் பின்னாலிருந்து அத்தை கத்தினார்: "அறு சாமி, நீ அறு. அந்த மனுசன் சொல்றதக் கேக்காத." நான் அறுத்தேன். காலுக்குக் கீழே ஒரு முழம், கைக்கு முன்னால் ஒரு முழம். நைலான் ஈரத்தில் வழுக்கும். இழுத்துப் பிடித்து விறைப்பாக்கினால்தான் கத்தி கேட்கும். எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. ஒரு நிமிடம் இருக்கலாம். என் கணக்கில் அது அந்த முப்பத்தெட்டு வருடத்தில் பாதி.

அவரை உள்ளே தூக்கவில்லை. நாலு பேரை அந்த அலையில் எங்கள் பரிசல் தாங்காது. கேனை அவர் நெஞ்சுக்கடியில் கட்டி, விளிம்பைப் பிடிக்கச் சொல்லி, நானும் மேலே இருந்து அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். அத்தை மாமா இருந்த பக்கத்துக்கு எதிரே போய்ப் பாரம் கொடுத்தார். என் மனைவி ஒருத்திதான் துடுப்பு. காற்றை எதிர்க்கவில்லை, அது தள்ளிய பக்கமே போய், அரை மணி நேரம் கழித்து ஒரு முள்காட்டுக் கரையில் ஒதுங்கினோம். மாமாவுக்கு உடம்பு நடுங்கியது. வலை கிழித்த கால் ரத்தமாக இருந்தது. கரையில் படுத்து அழுதார். பிழைத்த சந்தோசத்தில் வந்த அழுகை இல்லை அது. எனக்கும் தெரியும், அத்தைக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு ஏழு மாதம் அவர் என்னிடம் பேசவில்லை.

ஊரில் சிலர் அவரை நன்றி கெட்டவர் என்றார்கள். நான் ஒருநாளும் அப்படி நினைக்கவில்லை. அவருக்கு நான் உயிரைக் கொடுத்தேன், அது உண்மைதான். அந்த உயிரை வைத்து அவர் பதினாறாயிரத்தை மறுபடி சம்பாதிக்க வேண்டியிருந்தது. வியாபாரி கடனைத் தள்ளவில்லை, மேலே இன்னொரு கடனைப் போட்டார். தண்ணீரிலிருந்து தூக்குகிறவன் வேலை கரையோடு முடிந்துவிடுகிறது, தூக்கப்பட்டவன் வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது. என்னிடம் இருந்த வலையில் மூன்றை அத்தையிடம் கொடுத்தனுப்பினேன். அவர் வாங்கிக்கொண்டார். மாமா அதைத்தான் விடுகிறார் என்று தக்கையைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். பேச்சு மட்டும் இல்லை.

இதே பிடியை நான் பிறகு தறிக்காரர்களிடமும் பார்த்தேன். 2018 ஜூலை 23 அன்று அணை 120 அடியைத் தொட்டது. அதற்கு முன் நிரம்பி ஐந்து வருடம் ஆகியிருந்தது. ஆகஸ்டில் திறந்துவிட்ட தண்ணீர் விநாடிக்கு இரண்டு லட்சம் கன அடியைத் தாண்டியது. அணையில் மீன் பிடிக்கத் தடை. காவிரியின் இரு கரையிலும் தண்டோரா. நாமக்கல் மாவட்டத்தில் குமாரபாளையம், பள்ளிபாளையம் இரண்டும் ஆற்றை ஒட்டியே வளர்ந்த ஊர்கள். குமாரபாளையத்தில் கலைமகள் வீதி, இந்திரா நகர் பக்கமெல்லாம் வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிடும். அங்கே என் தங்கையைக் கட்டிக்கொடுத்திருக்கிறோம். சாமான் ஏற்ற உதவிக்குப் போனேன். பள்ளிக்கூடத்துக்கும் மண்டபத்துக்கும் போகச் சொல்லி அதிகாரிகள் ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு தறியிலிருந்து பாவைக் கழற்றிக்கொண்டிருந்தார். "வாங்கய்யா, போலாம்" என்றேன். "பாவு நனஞ்சா போச்சு தம்பி. முதலாளி நூலு." திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் அவரிடம் விடச் சொல்லவில்லை. மாமா எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தார். நானும் என் மைத்துனரும் பாவின் இரண்டு முனையைப் பிடித்து மச்சுக்கு ஏற்றினோம். அதன்பின் பெரியவர் ஒரு வார்த்தை பேசாமல் எங்களோடு நடந்து வந்தார். நேரம் இருக்கும்போது பொருளைக் காப்பாற்றிக் கொடுத்தால் ஆள் தானாக வருவார். அந்த நேரம் வீட்டில் கிடைக்கும். நடுத் தண்ணீரில் கிடைக்காது.

அந்த ஆகஸ்டில்தான் கேரளாவும் முழுகியது. கடற்கரை மீனவர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு ஊருக்குள் வந்தார்கள். யாரும் கூலி பேசிக்கொண்டு வரவில்லை. அவர்கள் காப்பாற்றியது 65 ஆயிரம் பேர் என்று அந்த மாநில அரசே சொன்னது. பெண்கள் படகில் ஏறுவதற்கு ஒரு மீனவர் தண்ணீரில் மண்டியிட்டு முதுகைப் படியாகக் கொடுத்த காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது என் மனைவி எழுந்து நின்றுவிட்டாள். அதற்கு முந்தின வருடம், 2017 நவம்பர் கடைசியில், ஒக்கிப் புயல். கன்னியாகுமரிக் கடலோரக் கிராமங்களில் போனவர்கள் பலர் திரும்பவே இல்லை. கவிழ்ந்த படகின் முதுகைப் பிடித்துக்கொண்டு நாள்கணக்கில் கிடந்து பிழைத்தவர்களின் பேட்டிகளை வாசித்தேன். கடலும் எங்கள் அணையும் ஒன்றல்ல. அவர்கள் ஆழ்கடலில் பட்டதை எங்கள் அரை மணி நேரத்தோடு வைத்துப் பேசுவது தகாது. ஆனால் படகை விட்டுவிட்டு நீந்தாதே என்ற பாடம் இரண்டு தண்ணீருக்கும் ஒன்றுதான். கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல் படைக்கு 1554 என்று ஓர் எண் இருக்கிறது. எங்களுக்குத் தீயணைப்புத் துறையின் 101. அவர்கள் நல்லவர்கள், ஓடி வருவார்கள். ஆனால் வண்டி கரைக்கு வந்து, படகு இறக்கி, நடுத் தண்ணீருக்கு வருவதற்குள் காற்று தன் வேலையை முடித்திருக்கும். அந்தக் கால் மணி நேரத்துக்கு அங்கே பக்கத்துப் பரிசல்தான் உண்டு.

காப்பாற்ற முடியாமல் போன ஒரு பையனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அது தொண்ணூறுகளில். பதினேழு வயது. அப்பாவோடு முதல் வருடத் தொழில். தண்ணீரிலிருந்து தூக்கியபோது உடம்பில் சூடு இருந்தது. கரையில் கூடியவர்கள் அந்தக் காலத்து வழக்கப்படி அவனைக் குப்புறப் போட்டு வயிற்றை அழுத்தினார்கள், தலைகீழாகத் தூக்கிச் சுற்றினார்கள். நானும் ஒரு காலைப் பிடித்தேன். தண்ணீர் வந்தது. உயிர் வரவில்லை. பல வருடம் கழித்துத் தீயணைப்பு வீரர்கள் எங்கள் ஊரில் வந்து பொம்மையை வைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். முழுகியவனுக்கு முதலில் வேண்டியது மூச்சு, வயிற்றுத் தண்ணீரை எடுப்பதில் நேரத்தைப் போக்காதீர்கள் என்றார்கள். மல்லாக்கப் படுக்கவைத்து, தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து ஐந்து முறை ஊத வேண்டும். பிறகு நெஞ்சின் நடுவில் முப்பது அழுத்தம், இரண்டு ஊதல், மறுபடி முப்பது, ஆம்புலன்ஸ் வரும்வரை. நான் பயிற்சி முடியும்வரை அங்கே உட்காரவில்லை. எழுந்து போய்விட்டேன். என் கையில் அந்தக் காலின் சூடு இன்னமும் இருந்தது. மறுநாள் அவர்களைத் தேடிப் போய் முழுதும் கற்றுக்கொண்டேன். அதன் பிறகு தூக்கியவர்களில் இரண்டு பேர் கரையில் மூச்சில்லாமல் கிடந்து, ஊதி ஊதித் திரும்பி வந்தார்கள்.

மற்ற மூன்று பேரைப் பாதாளக் கரண்டி போட்டுத் தேடி எடுத்தோம். அதைப் பற்றி எழுத மனம் இல்லை.

மாமா பேசாமல் இருந்த அந்த ஏழு மாதத்தில் நான் என் பரிசலில் மூன்று மாற்றம் செய்தேன். தலைக்கயிற்றை விளிம்பில் உருவு முடிச்சாக மட்டுமே கட்டுவது. எந்தப் பாரத்திலும் நுனியைச் சுண்டினால் கயிறு போய்விட வேண்டும். கத்தியை இடுப்பில் வைக்காமல், துடுப்புப் போடுகிறவள் கைக்கு எட்டும்படி விளிம்பில் செருகுவது. ஏனென்றால் வலை பிடித்திருக்கும் கை அறுக்காது, அடுத்தவர் கைதான் அறுக்க வேண்டும். மூன்றாவது, வலையின் இரண்டு முனையிலும் கேன். முனையில் கேன் இருந்தால் விட்டுவிட்ட வலையை மறுநாள் தேடி எடுத்துவிடலாம். போனால் வராது என்று தெரிந்த பொருளை யாரும் விடமாட்டார்கள். நாளைக்குக் கிடைக்கும் என்ற நம்பிக்கை இருந்தால் விரல் கொஞ்சம் சீக்கிரம் பிரிகிறது. எங்கள் கரையில் நிறையப் பேர் இப்போது இப்படிக் கட்டுகிறார்கள். உயிர்காப்பு மேலாடை போட்டால் இன்னும் நல்லது. ஆனால் நம் வெயிலில் அதை மாட்டிக்கொண்டு வலை இழுப்பது கஷ்டம் என்று கழற்றிவிடுகிறார்கள். கழற்றாமல் இருக்கச் சொல்லிச் சண்டை போட்டுக்கொண்டேதான் இருக்கிறேன்.

ஏழாவது மாதம், ஒரு விடியற்காலையில் மீன் எடுத்துவிட்டுத் திரும்பும்போது மாமாவின் பரிசல் எதிரே வந்தது. "வாளை விழுந்துச்சா மாப்ளே?" என்றார். "ஒண்ணு, மாமா" என்றேன். அவ்வளவுதான்.

2012இல் மறுபடியும் மழை பொய்த்தது. அடுத்த கோடையில் தண்ணீர் வற்றி, முழுகிய ஊரின் கல் சுவர்கள் வெளியே வந்தன. அங்கே ஒரு சுவரின் மேல் பழைய வலை ஒன்று மாட்டிக்கொண்டு காய்ந்து கிடந்தது. கிட்டே போனால் கண்ணிக்குக் கண்ணி மீன் முள். யாரும் எடுக்க வராத வலை வருடக்கணக்கில் மீனைப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. தக்கையில் பச்சை நூலால் போட்டிருந்த முடிச்சைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, மாமா கை. ஒரு முனை கத்தியால் அறுத்த முனை. சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் திண்ணையில் வைத்து விரித்தார். சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்து முள்ளையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்தார். தொழிலுக்கு உதவாது, இற்றுப் போயிருந்தது. அத்தை அதை வாங்கிப்போய்க் கொல்லையில் நாலு கம்பு நட்டு, பருந்து தூக்காமல் கோழிக்குஞ்சுகளுக்கு மேலே கட்டினார். நான் அறுத்த இடத்தில் குஞ்சு நுழைகிற அளவுக்கு ஓட்டை இருந்தது. மாமா ஊசியும் நூலும் எடுத்துவந்து, நின்றுகொண்டே அதை மட்டும் பின்னி அடைத்தார்.